செத்த பிள்ளையை எழுப்பிவிட்டீர்களே, யாரைக் கேட்டு?

"கடைசியில சேத்து வெச்சிருக்கலாமே?"

யாங்கோனில் தமிழில் ஒரு கதை எழுதி நாலு பேரிடம் கொடுத்தால் முதலில் வந்து விழுகிற கேள்வி இதுதான். கதை எப்படி இருந்தது, அந்த ஊர் கண்ணில் தெரிந்ததா, நம் ஜனங்கள் பேசுகிற மாதிரி பேசுகிறார்களா, ஒன்றும் கிடையாது. அவள் ஏன் சாகணும், அவன் ஏன் திரும்பி வரலை, இவ்வளவுதான். வாசிக்கிறவர் மனசு கேட்கத்தான் செய்யும் என்று இத்தனை காலம் பொறுத்துக்கொண்டேன். இப்போது கேட்பதோடு நிற்கவில்லை, பேனாவையே எடுத்துக்கொண்டார்கள்.

ஒரு கோயில் விழா மலருக்குக் கதை கேட்டார்கள். 1942-இல் பர்மாவிலிருந்து நடந்தே இந்தியா போன ஒரு குடும்பத்தைப் பற்றி எழுதிக் கொடுத்தேன். 1941 டிசம்பர் 23 அன்று ரங்கூனில், அதாவது இந்த யாங்கோனில், ஜப்பான்காரன் குண்டு விழுந்தது. காசும் செல்வாக்கும் இருந்தவர்களுக்குக் கப்பலில் இடம் கிடைத்தது. மற்றவர்கள் மூட்டையைத் தலையில் தூக்கிக்கொண்டு கலேவா, எல்லையோரத் தமு என்று நடந்து, மலையேறி இம்பால் பக்கம் போய்ச் சேர்ந்தார்கள். வழியெல்லாம் காலரா, மலேரியா. கிளம்பியவர்கள் ஐந்து லட்சம் பேர் வரை இருக்கும் என்கிறார்கள். விழுந்தவர்களை எண்ணி வைக்க யாரும் இல்லாததால் பல்லாயிரம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறோம். என் கதையில் ஒரு தாய், தமு பாதையில், காய்ச்சல் கண்ட மகளைத் தோளில் போட்டுக்கொண்டு நடக்கிறாள். பிள்ளை போன பிறகும் இறக்கவில்லை. கூட வருகிறவர்கள் சொல்லிப் பார்க்கிறார்கள். "தூங்குது, எழுப்பாதீங்க" என்கிறாள். அடுத்த முகாம் வரை அப்படியே சுமக்கிறாள். அங்கே கதை முடிகிறது.

மலர் அச்சாகி வந்தது. பிரித்துப் பார்த்தால் முகாமில் ஒரு டாக்டர் நிற்கிறார். ஊசி போடுகிறார். பிள்ளை கண்ணைத் திறந்து "அம்மா" என்கிறது. கீழே என் பெயர்! முன்னால் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நேரே போய்க் கேட்டேன். மலர்க் குழுவில் மூத்தவர் சாவகாசமாகச் சொல்கிறார்: "பண்டிகை மலர்ல சாவு வேணாம்னு பாத்தோம்மா. படிக்கிறவங்க சந்தோஷமா மூடணும்ல?"

இதற்கே வயிறு எரிகிறது என்றால், இன்னொன்றும் செய்திருந்தார்கள். கதைக்கு மேலே நான் ஒரு வரி எழுதியிருந்தேன்: 'இந்தக் கதையில் ஒரு குழந்தையின் மரணம் வருகிறது.' அதையும் அடித்துவிட்டார்கள். "கதைக்கு எதுக்கும்மா எச்சரிக்கை? இது என்ன மருந்து பாட்டிலா?"

எங்கள் தெருவில் ஒரு அக்கா இருக்கிறார், ஐராவதி டெல்டாவிலிருந்து வந்தவர். 2008 மே மாதம் நர்கீஸ் புயல் அடித்ததில் செத்தவர்களும் காணாமல் போனவர்களுமாக 1,38,000 பேர் என்று கணக்கு. அதில் இந்த அக்காவின் மகளும் ஒருத்தி. மலர் அவர் வீட்டுக்கும் போயிருக்கிறது. மறுநாள் காலையில் என் வாசலில் வந்து நின்றார். கதை வந்த பக்கத்தில் விரலை வைத்தபடி மலரை மூடிப் பிடித்திருந்தார். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. "அவ தோள்ல போட்டுட்டு நடக்கிறா பாரு, அதுவரைக்கும் தாங்கிட்டேன். அப்புறம் அது முழிச்சுக்குது. எம்பிள்ளை மட்டும் ஏன் முழிக்கலை?"

இதற்கு நான் என்ன பதில் சொல்ல? அந்த ஒரு வரி மேலே இருந்திருந்தால் அவர் அந்தப் பக்கத்தைத் தள்ளியிருக்கலாம். அல்லது மனசைத் திடப்படுத்திக்கொண்டு வேறொரு நாள் படித்திருக்கலாம். எதுவானாலும் அவர் இஷ்டம். அந்த இஷ்டத்தைப் பிடுங்கிக்கொண்டு, பதிலுக்கு ஒரு பொய்யான டாக்டரைக் கொடுத்திருக்கிறார்கள். 'வாசகர் மனசு, வாசகர் மனசு' என்று பேசுகிறவர்களே, யார் மனசைப் பார்த்தீர்கள்? உண்மையில் அடிபட்டவருக்கு உதவக்கூடிய வரியைக் கேலி செய்தீர்கள். அடிபடாதவர் நிம்மதியாக மதியச் சாப்பாட்டுக்கு எழுந்து போவதற்காக முடிவை மாற்றினீர்கள்.

முன்கூட்டியே சொல்லிவிட்டால் சுவாரசியம் போய்விடுமாம். சிலப்பதிகாரத்தைத் திறந்து முன்னுரையாக வரும் பதிகத்தைப் படித்துப் பாருங்கள். புகார்க் காண்டம் தொடங்குவதற்கு முன்பே கோவலன் சிலம்பை விற்கப் போய்க் கொலைப்பட்டதும், அவன் மனைவி பாண்டியனின் மதுரையை எரித்ததும் அங்கே சொல்லியாகிவிடும். அதனால் காப்பியம் கெட்டுவிட்டதா? அத்தனையும் தெரிந்துகொண்டுதான் இத்தனை தலைமுறையாகப் படித்து அழுகிறோம். சினிமாவில் ஒருவன் சிகரெட்டைப் பற்ற வைத்தால் திரையின் ஓரத்தில் எழுத்து வருகிறது. அதைப் பார்த்து யாரும் எழுந்து போனதில்லை. பிள்ளையைப் பறிகொடுத்தவளுக்காக ஒரு வரி போட்டால் மட்டும் இலக்கியம் கெட்டுவிடுமா?

சாவே வேண்டாம் என்கிறீர்களே, நல்லதங்காள் கதையை என்ன செய்வீர்கள்? ஏழு பிள்ளைகளையும் ஒவ்வொன்றாகக் கிணற்றில் போடுகிறாள். மூத்தவன் கெஞ்சுகிற இடத்தில் நெஞ்சு அடைக்காதவர் உண்டா? பஞ்சத்தில் ஒரு பெண் எந்தக் கதிக்கு ஆளானாள் என்று அந்தக் கதை கண்ணில் விரலை விட்டுக் காட்டுகிறது. அதைக் கேட்டு வளர்ந்தவர்கள்தான் இங்கே உட்கார்ந்துகொண்டு என் கதைக்கு ஊசி போடுகிறார்கள்.

இந்த நாட்டில் எழுதுகிறவர்களுக்கு அடுத்தவர் கை நம் வரிமேல் விழுவது எப்படி இருக்கும் என்று நன்றாகத் தெரியும். 2012 ஆகஸ்ட் வரை அச்சுக்கு வருகிற எதுவும் தணிக்கைக்குப் போயாக வேண்டும். பிடிக்காத வரியின் மேல் வெள்ளி மையைப் பூசுவார்கள், பக்கத்தைக் கிழிப்பார்கள். ஆனால் மை பூசிய இடம் பார்க்கிறவனுக்குத் தெரியும், இங்கே என்னவோ இருந்தது என்று புரிந்துகொள்வான். நம்மவர்கள் செய்த வேலையில் அந்தத் தடயம்கூட இல்லை. நானே அப்படி எழுதினேன் என்றுதான் ஊர் நம்பும்.

சந்தோஷமான முடிவு எனக்கு எதிரி இல்லை. இம்பாலைத் தாண்டி ஊர் போய்ச் சேர்ந்த குடும்பங்கள் உண்டு. சண்டை ஓய்ந்து திரும்பி வந்தவர்களும், 1964-இல் கடைகளை அரசு எடுத்துக்கொண்ட பிறகும் போகாமல் இங்கேயே தங்கிப் பிள்ளைகளைப் படிக்க வைத்தவர்களும் உண்டு. அந்தக் கதைகளையும் எழுதுகிறேன். நீங்களும் எழுதுங்கள், முதல் ஆளாக வாங்கிப் படிக்கிறேன். ஆனால் தமு பாதையில் போன பிள்ளைகள் போனதுதான். அவர்களில் பலருக்குக் குழி தோண்டக்கூட நேரம் இருக்கவில்லை. அவர்களுக்கென்று நம்மிடம் இருப்பது வாய்வழியாக வந்த இந்த நாலு வார்த்தைதான். அதையும் அழித்து டாக்டரைக் கொண்டுவந்து நிறுத்துவதற்கு உங்களுக்கு யார் உரிமை கொடுத்தது?

அடுத்த மலருக்கும் கதை கேட்டு ஆள் அனுப்பியிருக்கிறார்கள். நான் எழுதிய முடிவையும், மேலே இருந்த அந்த வரியையும், திருத்தியது குழுதான் என்ற அறிவிப்பையும் முதல் பக்கத்தில் போடச் சொல்லியிருக்கிறேன். போடாதவரை என்னிடமிருந்து ஒரு வரி கிடைக்காது.