கையில் கோல்டு கார்டு, உள்ளே விடமாட்டார்கள்

மார்த்தாண்டத்திலிருந்து திருவனந்தபுரம் போய் வளைகுடாவுக்குப் பறக்கிற நம்ம ஆட்களை இந்தக் கோட்ஷேர், அதாவது ஒரு கம்பெனியின் எண்ணில் இன்னொரு கம்பெனி விமானம் ஓட்டுகிற ஏற்பாடு, படுத்துற பாடு கொஞ்சமில்லை. டிக்கெட்டில் பெரிதாக ஏஐ (ஏர் இந்தியா) என்று எண் இருக்கும். கீழே பொடி எழுத்தில் இயக்குவது வேறொரு கம்பெனி என்றிருக்கும். ஸ்டார் அலையன்ஸ் என்கிற விமானக் கம்பெனிகளின் கூட்டணியில் அடிக்கடி பறப்பவர்களுக்குக் கிடைக்கும் ஸ்டார் கோல்டு கார்டின் லவுஞ்ச் (விமான நிலைய ஓய்வறை) உரிமை டிக்கெட் எண்ணைப் பார்த்து வராது, விமானத்தை ஓட்டுவது யார் என்று பார்த்துத்தான் வரும். ஏர் இந்தியா 2014 முதல் ஸ்டார் அலையன்சில் இருக்கிறது. ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் இல்லை. எமிரேட்ஸ், எத்திஹாத் எந்தக் கூட்டணியிலும் கிடையாது. பறப்பதற்குச் சேரும் பரிசுப் புள்ளியான மைலும் அப்படித்தான்: டிக்கெட்டின் கட்டண வகையைக் காட்டும் புக்கிங் கிளாஸ் எழுத்து மலிவு வகையென்றால் கூட்டாளி விமானத்தில் குறைவாகச் சேரும், சிலதில் பூஜ்யம். பணம் வாங்கும் முன்பே இதைப் பெரிய எழுத்தில் போட்டால் என்ன குறைந்துவிடும்? நள்ளிரவில் பெட்டியும் பிள்ளையுமாய் வந்து நிற்பவர்களை லவுஞ்ச் வாசலில் திருப்பி அனுப்புவது அநியாயம்.