ஸுனாருக்கு 43 ஆண்டு சிறை விதிக்கப்பட்டதா?

வணக்கம் அண்ணே. மலேசியக் கேலிச்சித்திரக் கலைஞர் ஸுனாருக்குத் தேச நிந்தனை (அரசுக்கோ நீதித்துறைக்கோ எதிராக வெறுப்பைத் தூண்டுதல்) வழக்கில் 43 ஆண்டு சிறைத் தண்டனை கிடைத்தது என்று உங்கள் பதிவில் எழுதியிருக்கிறீர்கள். நம் சுங்கை சிப்புட் தோட்டத்து வாட்சாப் குழுக்களிலும் இதே செய்தி சுற்றுகிறது. ஆனால், அவருக்கு அந்த வழக்கில் தண்டனை எதுவும் விதிக்கப்படவில்லை.

அந்த 43 எங்கிருந்து வந்தது தெரியுமா? 2015 பிப்ரவரியில் அப்போதைய எதிர்க்கட்சித் தலைவர் அன்வார் இப்ராகிம் வழக்கில் நாட்டின் உச்ச நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றத்தின் தீர்ப்பு வந்ததும், அதைப் பற்றி ஸுனார் டுவிட்டரில் எழுதியவற்றுக்காக ஏப்ரலில் அவர்மீது 9 குற்றச்சாட்டுகள் சுமத்தினார்கள். 1948ஆம் ஆண்டுத் தேச நிந்தனைச் சட்டப்படி முதல் குற்றத்துக்கு அதிகபட்சம் 3 ஆண்டு, அடுத்து வரும் ஒவ்வொன்றுக்கும் 5 ஆண்டு. எட்டைந்து நாற்பது, அதோடு மூன்று. எல்லாமே நிரூபணமாகியிருந்தால் வரக்கூடிய உச்ச அளவுதான் அது. தீர்ப்பு இல்லை.

2018 ஜூலை 30 அன்று அரசுத் தரப்பு குற்றச்சாட்டுகளை மீட்டுக்கொண்டது. கோலாலம்பூர் செஷன்ஸ் நீதிமன்றம் அவரை விடுவித்தது.

என் மகன் இந்தத் தவறான செய்தியை நம்பி, பள்ளி இடுபணியில் அப்படியே எழுதிவிட்டான். அதனால்தான் இவ்வளவு விளக்கமாகச் சொல்கிறேன். சரிபார்ப்பது சுலபம். ஸுனார் பெயரோடு 2018 ஜூலை 30 என்ற தேதியையும் சேர்த்து கூகுளில் தேடுங்கள். அன்றைய நாளிதழ்ச் செய்திகள் வரும். தண்டனை அளவைச் சொல்லும், அந்தச் சட்டத்தின் 4(1) பிரிவும் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. பார்த்துவிட்டு, முடிந்தால் பதிவைத் திருத்திவிடுங்கள் அண்ணே.