ஊட்டிக் குளிரில் கார் கொதிக்குமா என்று கேட்பவர்களுக்கு

"ஏனுங் மாப்ளே, ஊட்டிக் குளிர்ல கூடவா காரு ஹீட் ஆகும்?"

இதை இன்னொரு முறை யாராவது கேட்டால், குன்னூர் மலைப்பாதையில் பர்லியாறு தாண்டி ஒரு கொண்டை ஊசி வளைவில் கொண்டுபோய் நிறுத்தி, ஆவி பறக்கும் என் பானெட்டுக்கு முன்னால் அரை மணி நேரம் நிற்கவைப்பதாக இருக்கிறேன். கேட்டவர் கோயம்புத்தூரில் இருக்கும் என் மனைவியின் அண்ணன். அவரை விடுங்கள், அவர் கார் ஓட்டுவது அவினாசி ரோட்டில். ஆனால் கார் பழுது பார்த்துப் பிழைப்பவர்களே இதைக் கேட்டால் எங்கே போய் முட்டிக்கொள்வது?

என் கார் 1999ஆம் வருட மாடல். சின்ன பெட்ரோல் எஞ்சின், அதன் மேல்பாகமான ஹெட் அலுமினியம். எந்தக் கம்பெனி என்று எழுதப்போவதில்லை, வண்டியின் மேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது. இருபத்தைந்து வருடத்துக்கு மேல் மலை ஏறி இறங்கியதற்கு ரப்பர் காய்வதும் பைப் ஊறிப்போவதும் சகஜம். எனக்கே முட்டி வலிக்கிறது. என் கோபமெல்லாம் "தண்ணி ஊத்திக்குங்க சார்" என்ற மூன்று வார்த்தையின் மேல்தான். மூன்று மாதம், நாலு மெக்கானிக், எல்லார் வாயிலும் அதே மூன்று வார்த்தை. ஊற்றுகிறேன் ஐயா, ஊற்றிய தண்ணீர் எங்கே போகிறது என்று ஒருவராவது குனிந்து பார்க்கக் கூடாதா?

குன்னூரில் குடியிருக்கிறேன். அம்மா மலைக்குக் கீழே காரமடையில். ஆக வாரம் ஒரு தடவை இறங்கி ஏறியே தீரவேண்டும். மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 325 மீட்டர், குன்னூர் 1850, ஊட்டி 2240. மலையடிவாரக் கல்லாறில் ஆரம்பித்துக் குன்னூர் வரை 14 கொண்டை ஊசி வளைவு. ஒன்றரை கிலோமீட்டர் உயரத்துக்கு வண்டியையும் எங்களையும் அம்மா கொடுத்தனுப்பும் தேங்காய் மூட்டையையும் தூக்க வேண்டும். சீசனில் முன்னால் ஒரு டூரிஸ்ட் பஸ், அதற்கு முன்னால் ஒரு லாரி, முதல் கியரில் நடை வேகம். எஞ்சின் மூச்சைப் பிடித்துக்கொண்டு உழைக்கிறது, எஞ்சினைச் சுற்றிவரும் தண்ணீரைக் குளிரவைக்கும் ரேடியேட்டர் முகத்தில் காற்றே அடிப்பதில்லை. அப்புறம் ஊட்டிக் குளிர் என்ன செய்யும்?

மலையில் இருப்பவர்களுக்கு ஒரு விஷயம் பாடம் படிக்காமலே தெரியும். குக்கர் இல்லாமல் இங்கே பருப்பு வேகாது. உயரம் ஏற ஏறக் காற்றழுத்தம் குறைகிறது, தண்ணீர் சீக்கிரம் கொதித்துவிடுகிறது. கீழே 100 டிகிரி என்றால் குன்னூரில் 94, ஊட்டியில் 92, 93. குக்கர் கேஸ்கட் தளர்ந்து ஆவி கசிந்தால் என் மனைவி அடுத்த நிமிடம் கண்டுபிடித்துவிடுவார். இதே குக்கர்தான் ரேடியேட்டர். அதன் மூடி வெறும் மூடி இல்லை, வெயிட்டும் கேஸ்கட்டும் சேர்ந்தது. என் வண்டி மூடியில் 0.9 என்று பொறித்திருக்கிறது, 0.9 பார் அழுத்தம். அந்த அழுத்தம் கசியாமல் உள்ளே நின்றால் தண்ணீர் கொதிக்கும் அளவு இருபது டிகிரிக்கு மேல் கூடும். மூடியின் ரப்பர் காய்ந்து அழுத்தம் நிற்காவிட்டால் ஊட்டியில் 93 டிகிரியிலேயே கொதிப்பு ஆரம்பம். எஞ்சின் சாதாரணமாகவே எண்பது, தொண்ணூறு டிகிரியில் ஓடுவது. நிறைய வண்டிகளில் ஃபேன் சுற்ற ஆரம்பிப்பதே தொண்ணூறைத் தாண்டித்தான். அதாவது ஃபேன் கண் விழிப்பதற்குள் தண்ணீர் கொதித்துவிடும். ஆக "ஊட்டியில் கூடவா" இல்லை மச்சான், ஊட்டியில்தான்.

இந்த அறிவெல்லாம் எனக்குப் பிற்பாடு வந்தது. முதலில் வந்தது அவமானம். போன மே மாதம், மேலே ஏறுவது குன்னூர் வழி, இறங்குவது கோத்தகிரி வழி என்று போலீஸ் திருப்பிவிட்டிருந்த நாள். பர்லியாறுக்கு மேலே டெம்பரேச்சர் முள் மெதுவாக ஏறுகிறது. பார்த்துக்கொண்டே இருக்கிறேன், சட்டென்று கீழே இறங்கிவிட்டது. "சரியாயிடுச்சு பாரு" என்று மனைவியிடம் பெருமையாகச் சொன்னேன். அடுத்த வளைவில் பானெட் விளிம்பெல்லாம் புகை. முள் ஏன் இறங்கியது தெரியுமா? தண்ணீர் அந்த சென்சாருக்குக் கீழே போய்விட்டது. நனையாமல் வெறும் ஆவியில் தொங்கும் சென்சார் என்னத்தைச் சொல்லும்? கொதிக்கிற வண்டியில் முள் திடீரென்று இறங்கினால் சந்தோஷப்படாதீர்கள், ஓரம் கட்டுங்கள். ஹீட்டரைப் போட்டால் ஜில்லென்று காற்று வருகிறதென்றாலும் அதே கதைதான், உள்ளே தண்ணீர் இல்லை.

சூட்டோடு மூடியைத் திறக்கப் போனவனைத் தடுத்தது வண்டிக்காரர் யாரும் இல்லை, ரோட்டோரம் பலாச்சுளை விற்ற ஒரு அம்மா. "தம்பி, கை வெந்துரும், அரை மணி நேரம் சும்மா உக்காரு" என்று அதட்டி ஒரு குடம் தண்ணீரும் கொடுத்தார். அந்த மூன்று மாதத்தில் எனக்குக் கிடைத்த உருப்படியான ஆலோசனை அது ஒன்றுதான்.

இனி நம் நிபுணர்கள்.

முதலாமவர் பானெட்டைத் திறந்தார், ஓரத்தில் இருக்கும் ரிசர்வ் டப்பாவைப் பார்த்தார், "டப்பா நிறைய இருக்கே சார்" என்று மூடிவிட்டார். டப்பா நிறைய, ரேடியேட்டர் காலி! அதுதான் ஐயா நோயே! மூடியில் இரண்டு வால்வு. பெரியது, அழுத்தம் மிஞ்சினால் தண்ணீரை டப்பாவுக்குத் தள்ளும். சின்னது, எஞ்சின் ஆறியதும் அதைத் திரும்ப உறிஞ்சும். என் மூடி தள்ளுவதை மட்டும் தாராளமாகச் செய்தது, திரும்ப வாங்குவதை மறந்துவிட்டது. என்னிடம் கடன் வாங்கிய சிலரைப் போல.

இரண்டாமவர் மேட்டுப்பாளையத்துக்காரர். "மஞ்சத்தூள் ஒரு அம்பது கிராம் போட்டா அடச்சுக்கும்ணா." லாரிக்காரர்களின் பழைய வைத்தியம்தான், இல்லை என்று சொல்லவில்லை. நடுக்காட்டில் ஊசித்துளை அளவு ஓட்டையோடு மாட்டிக்கொண்டால் ஊர் போய்ச் சேர உதவும். ஆனால் அது ஓட்டையை மட்டுமா அடைக்கும்? ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களையும், ஹீட்டருக்குப் போகும் அதைவிட மெல்லிய குழாய்களையும் சேர்த்தே அடைக்கும். ரேடியேட்டரா ரசமா என்று கேட்டேன். சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

மூன்றாமவரை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. நான் டீ குடித்துவிட்டு வருவதற்குள் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டார். "நம்ம ஊருக்கு இது தேவையில்ல சார். எடுத்துட்டா தண்ணி ஃப்ரீயா ஓடும்." நம்ம ஊருக்கா? ஜனவரியில் புல்லெல்லாம் உறைபனி வெளுத்துக் கிடக்கிற ஊருக்கா? எஞ்சின் சூடேறும் வரை தண்ணீரை ரேடியேட்டர் பக்கம் விடாமல் பிடித்துவைப்பதுதான் அதன் வேலை. 82 டிகிரியோ 88 டிகிரியோ வந்த பிறகு திறந்துவிடும். அதைப் பிடுங்கிப் போட்டால் காலையில் எஞ்சின் சூடேறவே மாட்டேன் என்கிறது, பெட்ரோலைக் குடிக்கிறது, ஹீட்டரில் சூடு வருவதில்லை. பனிமூட்டத்தில் முன்கண்ணாடி வெளுத்துக்கொள்ள, ஒரு கையால் துண்டு வைத்துத் துடைத்தபடி வெலிங்டன் வழியாக ஓட்டிப் பாருங்கள், தெரியும். கூத்து என்னவென்றால் சில எஞ்சின்களில் தெர்மோஸ்டாட்தான் திறக்கும்போது ரேடியேட்டருக்குப் போகாமல் சுற்றும் பைபாஸ் வழியையும் அடைக்கிறது. அதை எடுத்துவிட்டால் தண்ணீர் குறுக்கு வழியில் சுற்றிவந்து, ஏற்றத்தில் முன்பைவிட அதிகமாகச் சூடாகும். எனக்கு இரண்டும் நடந்தது. காலையில் குளிர், ஏற்றத்தில் கொதிப்பு.

நாலாமவர் எதையும் தொடவில்லை. "ஹெட் கேஸ்கட் போச்சு, எஞ்சின இறக்கணும், பதினெட்டாயிரம் ஆகும்." ஹெட்டுக்கும் எஞ்சினுக்கும் நடுவில் இருக்கும் அந்த அடைப்பு போனால் தண்ணீர் ஆயிலில் கலக்கும். ஆயில் பாலாடை மாதிரி திரிந்திருக்கிறதா என்று டிப் ஸ்டிக்கை உருவிப் பார்க்கவில்லை, ரேடியேட்டரில் குமிழி வருகிறதா என்று பார்க்கவில்லை, சைலன்ஸரில் வெள்ளைப் புகை உண்டா என்று கேட்கவில்லை. ட்ரையல் மட்டும் பார்த்தார். எங்கே? இறக்கத்தில்! ஆக்ஸிலரேட்டரில் கால் படாத இறக்கத்தில் எந்த வண்டி கொதிக்கும்?

கடைசியில் கண்டுபிடித்தவர் எங்கள் தெருவிலேயே இருக்கும், பஸ் டெப்போவில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர். அவர் கேட்ட முதல் கேள்வியே, "எங்க போகுதுன்னு பாத்தியா தம்பி?" கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது எனக்கு. ராத்திரி எஞ்சினுக்கு அடியில் காய்ந்த அட்டைப்பெட்டியை விரித்துவைக்கச் சொன்னார். காலையில் அட்டையின் பெல்ட் பக்கம் நாலு சொட்டு ஈரம். தண்ணீரைச் சுற்றவிடும் பம்ப்தான் வாட்டர் பாடி; அதற்கு அடியில் ஒரு சின்னத் துளை இருக்கும், உள்ளே இருக்கும் சீல் போனால் காட்டிக்கொடுப்பதற்கென்றே வைத்த துளை. அங்கிருந்து ஒழுகி, ஓடும்போது சூட்டில் காய்ந்து, வெறும் வெள்ளைத் தடம்தான் மிச்சம். அது நாலு நிபுணர்கள் கண்ணிலும் படவில்லை. ஹோஸ் பைப்பை ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்தார். மேல் பைப் மாவு மாதிரி அமுங்கியது. பயணி பக்கத்துக் கார்ப்பெட்டைத் தூக்கி முகர்ந்தார். அங்கே தித்திப்பாக வாடை அடித்தால் ஹீட்டர் ஒழுகுகிறது என்று அர்த்தமாம். நல்லவேளை, இல்லை. மூடியைக் கையில் எடுத்து நகத்தால் ரப்பரைச் சுரண்டினார், அப்பளம் மாதிரி உடைந்தது.

வாட்டர் பாடி, இரண்டு ஹோஸ் பைப், கிளிப், மூடி, புது தெர்மோஸ்டாட், கூலன்ட். எல்லாம் சேர்த்து நாலாமவர் கேட்டதில் கால்வாசிகூட ஆகவில்லை. கூலன்ட் என்பது தண்ணீரில் கலக்கும் பச்சை நிறத் திரவம், அதைச் சுத்தமான டிஸ்டில்ட் வாட்டரில் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றி, ஹீட்டரைத் திறந்துவைத்து, ஏர் லாக் இல்லாமல் நிதானமாகக் காற்றை எடுத்தார். கொட்டிய பழைய கூலன்டைக் கழுவித் தள்ளும் வரை பக்கத்து வீட்டு நாயை அண்டவிடவில்லை. தித்திப்பாக இருக்கும், நக்கும், சாகும் என்றார்.

குழாய்த் தண்ணீரே போதும் என்பவர்களுக்கு ஒன்று. வெந்நீர்ப் பானையின் அடியில் வெள்ளையாகப் படிவதைப் பார்த்திருப்பீர்கள். அதே படிவுதான் எஞ்சினுக்குள்ளும் வரும். கூலன்ட் இல்லாத தண்ணீர் அலுமினியத்தையும் அரிக்கும். "மலை ரயிலே ஹில்குரோவில் நின்னு தண்ணி குடிச்சிட்டுத்தானே போகுது" என்று ஒருவர் என்னிடம் வாதாடினார். அது நீராவி எஞ்சின் ஐயா, தண்ணீரைக் கொதிக்கவைப்பதுதான் அதன் பிழைப்பு. என் கார் அப்படி இல்லை.

அப்புறம் ஒரு மாதம் முள் அசையவே இல்லை. மே மாதம் கொதித்த அதே ஏற்றத்தில் மச்சானையே முன் சீட்டில் உட்காரவைத்துக் கூட்டிவந்தேன். குன்னூர் வரை பேச்சே இல்லை.

நேற்று பின் டயர் பஞ்சர். கடையில் விட்டுவிட்டு மார்க்கெட் போய் வந்தேன். பஞ்சர் ஒட்டும் பையன் கையைத் துடைத்துக்கொண்டே சிரித்தபடி வந்தான்.

"பானெட்டத் தொறந்து பாத்தேண்ணா, பச்சத் தண்ணி கொஞ்சம் கம்மியா இருந்துச்சு. பைப்புல புடிச்சு ஃபுல்லா ஊத்திட்டேன். அதுக்குக் காசெல்லாம் வேண்டாம்ணா."