"அந்த போனுக்குத்தான் ஏற்கெனவே சப்போர்ட் இருக்கே!"

இன்னொரு மீட்டிங்கில் இந்த வாக்கியத்தைக் கேட்டால் நான் என்ன பேசுவேன் என்று எனக்கே தெரியாது. அதனால் இங்கேயே கொட்டிவிடுகிறேன்.

என் வேலை என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு போனையோ டெவலப்மென்ட் போர்டையோ கம்ப்யூட்டரில் மாட்டி, பெஞ்ச்மார்க் (வேகம் அளக்கும் சோதனை ஆப்), வீடியோ, பிரவுசர் என்று ஒவ்வொன்றாக அதில் தானாக ஓடவிட்டு, எவ்வளவு நேரம் ஆனது, எவ்வளவு மின்சாரம் செலவானது, எத்தனை ஃபிரேம் தவறியது என்று அளக்கும் மென்பொருள் இருக்கிறது. போன் சிப்களை வடிவமைக்கும் ஆர்ம் நிறுவனம் திறமூலமாக வெளியிட்ட வொர்க்லோட் ஆட்டோமேஷன், அதன் அடியில் இருக்கும் டெவ்லிப் இரண்டும் இந்த வகைதான். எங்களுடையதும் ஏறக்குறைய அதே அமைப்பு. கெர்னலில், அதாவது ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் மையப் பகுதியில், ஒரு மாற்றம் செய்தால் போன் வேகமாகிறதா, பேட்டரி சீக்கிரம் இறங்குகிறதா என்ற முடிவெல்லாம் இதிலிருந்து வரும் எண்களை நம்பித்தான் எடுக்கிறார்கள். அதில் டிவைஸ் சப்போர்ட், அதாவது ஒவ்வொரு போனிலும் போர்டிலும் இந்த மென்பொருள் சரியாக ஓடும்படி பார்த்துக்கொள்வது, என் பொறுப்பு.

ஒரு டிவைஸுக்கு சப்போர்ட் சேர்ப்பதைக் கல்யாண மண்டபத்துக்கு முன்பணம் கட்டுவதுபோல நினைக்கிறார்கள். ஒரு தடவை கட்டினால் வேலை முடிந்ததாம். முடியாது. நாங்கள் தொட்டுப் பேசும் இடங்களில் பெரும்பாலானவை யாரும் யாருக்கும் வாக்குக் கொடுக்காத இடங்கள்.

திரை எரிகிறதா இல்லையா என்று பார்க்கும் எளிய விஷயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்ட்ராய்டில், போனின் உள்நிலையைக் கொட்டிக் காட்டும் டம்ப்சிஸ் கட்டளையின் வெளியீட்டில் தேட வேண்டும். ஒரு காலத்தில் எம்ஸ்கிரீன்ஆன் என்ற வரி இருந்தது. பிறகு அது போய் டிஸ்ப்ளே பவர் ஸ்டேட் என்ற வரி வந்தது. மனிதர் கண்ணால் படித்துப் பிழை தேடுவதற்காக எழுதப்பட்ட வெளியீடு அது, அதனால் யாரும் நம்மிடம் சொல்லிவிட்டு மாற்றப் போவதில்லை. ஆண்ட்ராய்டு 8-ல், ஓடிக்கொண்டிருப்பவற்றைப் பட்டியலிட வெறுமனே பிஎஸ் என்று அடித்தால் எல்லா ப்ராசஸும் வராது, கூடவே பெரிய ஏ போட வேண்டும் என்றானது. ஆண்ட்ராய்டு 7-க்கு முன்னால் ஏடிபி ஷெல்லில் (கம்ப்யூட்டரிலிருந்து போனுக்குக் கட்டளை அனுப்பும் வழி) ஓடிய கட்டளை தோற்றதா ஜெயித்ததா என்ற எக்ஸிட் கோடுகூடக் கம்ப்யூட்டர் பக்கம் வந்து சேராது. அதற்கென்று எழுதிய சுற்றுவழியை இன்றைக்கும் கோடில் சுமந்துகொண்டிருக்கிறோம், ஏனென்றால் அந்தக் காலத்துப் பழைய போன் இன்னும் எங்கள் சப்போர்ட் பட்டியலில் இருக்கிறது.

கெர்னல் பக்கம் போனால் இன்னும் மோசம். எந்த வேலை எந்த கோரில் எப்போது ஓட வேண்டும் என்று முடிவு செய்வது ஷெட்யூலர். அதைத் திருகும் அமைப்புகள் ப்ராக் என்ற இடத்தில் கோப்புகளாக இருந்தன. 2021-ல் 5.13 கெர்னலில் அவற்றில் பல, பிழை தேடுபவர்களுக்கான டீபக்எஃப்எஸ் என்ற இடத்துக்குப் போயின. விற்பனைக்கு வரும் புதிய ஆண்ட்ராய்டு போன்களில் டீபக்எஃப்எஸ்ஸை மவுண்ட் செய்து திறக்கவே விடுவதில்லை, பாதுகாப்புக் காரணம் சரியானதுதான், நான் மறுக்கவில்லை. பிறகு 6.6-ல் ஷெட்யூலரின் அடிப்படைக் கணக்கே மாறி, இருந்த அமைப்புகள் சில காணாமல் போயின, சிலவற்றுக்குப் பெயர் மாறியது. இதெல்லாம் நடக்கும்போது எங்கள் பக்கத்தில் ஒரு வரிகூட மாறியிருக்காது. ஆனால் "நேத்து ஓடிச்சே, நீங்க என்ன மாத்துனீங்க?" என்ற கேள்வி என்னிடம்தான் வரும்.

"ஜெனரிக்கா, எல்லா போனுக்கும் பொதுவா எழுதிட்டா இந்தப் பிரச்சினையே வராதே" என்று அறிவுரை சொல்பவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். ஜெனரிக்காகத்தான் ஐயா எழுதியிருக்கிறோம்! ஒரு காலத்தில் சிபியுவுக்குள் வேகமான பெரிய கோர், மின்சாரம் மிச்சப்படுத்தும் சின்ன கோர் என்று இரண்டே வகை. அதை நம்பி நூறு இடத்தில் பிக், லிட்டில் என்று எழுதி வைத்தார்கள். 2019-ல் ஸ்னாப்டிராகன் 855 போன்கள் ஒன்று, மூன்று, நான்கு என்று மூன்று வகையாக வந்தன. 2021-ல் பிக்ஸல் 6 இரண்டு, இரண்டு, நான்கு என்று வந்தது. நடுவில் இருக்கும் கோர் பெரியதா சின்னதா? எண் வரிசையையாவது நம்பலாமா என்றால், ஆர்மின் ஜூனோ போர்டில் 1, 2 பெரிய கோர்கள், 0, 3, 4, 5 சின்னவை. முதல் நான்கும் சின்னவை என்று நினைத்து எழுதிய ஸ்கிரிப்ட் அங்கே எதை அளக்கும்? சிபியு விவரம் தரும் சிபியு-இன்ஃபோ கோப்பில் பெயர்கூட இருக்காது, தயாரிப்பாளருக்கு ஒரு எண், கோருக்கு ஒரு எண், அவ்வளவுதான். அதைப் பெயராக மாற்றும் அட்டவணையில் ஒவ்வொரு புது கோருக்கும் யாராவது ஒருவர் உட்கார்ந்து ஒரு வரி சேர்க்க வேண்டும். நான்தான் சேர்க்கிறேன்.

இவை எல்லாவற்றையும் நான் பொறுத்துக்கொள்வேன், ஏனென்றால் இவை உடையும்போது சத்தம் போட்டு உடைகின்றன. சிவப்பு விளக்கு எரியும், போய்ப் பார்ப்பேன். என்னைத் தூங்க விடாதது சத்தமே இல்லாமல் உடைவதுதான்.

சிபியுவை ஒரே ஃப்ரீக்வென்சியில் பூட்டிவிட்டு அளக்க வேண்டும் என்று வையுங்கள். அதிகபட்சத்தையும் குறைந்தபட்சத்தையும் ஒரே எண்ணாக எழுதுகிறோம். கெர்னல் வாங்கிக்கொள்கிறது, பிழை எதுவும் இல்லை. அடுத்த நொடி, போனில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் வேறொரு சர்வீஸ் வந்து அதைத் தன் இஷ்டத்துக்குத் திருப்பி எழுதுகிறது. நெக்ஸஸ் 5 காலத்தில் எம்பிடிசிஷன் என்ற ஒன்று இருந்தது. லோடு குறைந்தால் கோர்களையே அணைத்துவிடும். அதை முதலில் நிறுத்தினால்தான் எந்த அளவீடும் அளவீடு. இன்றைய போன்களில் அதே வேலையை பவர் ஹால், தெர்மல் சர்வீஸ் என்று வேறு பெயர்களில் வேறு ஆட்கள் செய்கிறார்கள். போன் சூடானால் ஃப்ரீக்வென்சி இறங்கும். பத்து தடவை தொடர்ந்து ஓட்டினால், பத்தாவது ஓட்டம் முதல் ஓட்டத்தோடு ஒப்பிடவே முடியாதது. ஆனால் ரிப்போர்ட்டில் பத்தும் பச்சை! சராசரி போட்டு, ஒரு வரைபடமும் வரைந்து, "இந்த பேட்சால் (கோடு மாற்றத்தால்) வேகம் மூன்று சதவீதம் குறைந்துவிட்டது" என்று ஒருவருடைய உழைப்பைத் திருப்பி அனுப்புகிறார்கள். குறைந்தது பேட்சாலா, சூட்டாலா என்று கேட்க ஆள் இல்லை. இந்த அநியாயத்தை நான் நேரில் பார்த்திருக்கிறேன், இன்னும் வயிறு எரிகிறது.

அதனால்தான் எழுதிய ஒவ்வொன்றையும் திரும்பப் படித்துச் சரிபார்க்க வேண்டும், ஓட்டம் முடிந்ததும் இன்னொரு தடவை படிக்க வேண்டும், மாறியிருந்தால் அந்த ஓட்டத்தையே குப்பையில் போட வேண்டும் என்று மன்றாடுகிறேன். "ரன் டைம் ஜாஸ்தியாகுது" என்று பதில் வருகிறது.

ஆப் பக்கமும் இதே கதைதான். பழைய பெஞ்ச்மார்க்கோடுதான் ஒப்பிட வேண்டும் என்று பிடிவாதம். ஆனால் ஆண்ட்ராய்டு 14, மிகப் பழைய ஆண்ட்ராய்டு பதிப்பைக் குறிவைத்த ஏபிகேவை (ஆப் கோப்பை) இன்ஸ்டால் செய்யவே மறுக்கிறது, தனியாக ஒரு ஃபிளாக் கொடுத்தால்தான் விடும். பிக்ஸல் 7-ல் 32 பிட் மட்டும் கொண்ட ஆப் ஓடாது. ஆண்ட்ராய்டு 13-லிருந்து நோட்டிஃபிகேஷனுக்கு அனுமதி கேட்டு ஒரு பெட்டி குறுக்கே வந்து நிற்கும். திரையில் தானாகப் பட்டன் அழுத்தும் எங்கள் யுஐ-ஆட்டோமேட்டர் ஸ்கிரிப்ட், அந்தப் பெட்டிக்கு அடியில் இருக்கும் பட்டனைத் தேடிக்கொண்டே காலாவதியாகும்.

சரி, தொழில்நுட்பம் மாறத்தான் செய்யும். என் கோபம் மனிதர்கள் மேல்தான். ஒரு புராஜெக்ட் அவசரத்துக்கு ஒருவர் வந்து ஒரு போனுக்கு கான்ஃபிக் எழுதிச் சேர்த்துவிட்டு, புராஜெக்ட் முடிந்ததும் போனையும் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார். கோடு என்னிடம், போன் யாருடைய டிராயரிலோ. அப்புறம் ஒரு நாள் அதே போனைப் பற்றி "வேலை செய்யவில்லை" என்று ஒற்றை வரியில் பக் வருகிறது. பில்டு எண் இல்லை, லாக் இல்லை, ரூட் (முழு அதிகாரம்) இருக்கிறதா என்றுகூடத் தெரியாது. கையில் இல்லாத போனில் நான் எதைச் சரிசெய்வது? ஒப்பீட்டுக்கென்று அப்டேட் செய்யாமல் பாதுகாத்து வைத்த போனில், யாரோ போகிற போக்கில் சிஸ்டம் அப்டேட்டை அழுத்திவிட்டுப் போனதும் நடந்திருக்கிறது. அதுவரை சேர்த்த எண்கள் அத்தனையும் அதோடு ஒப்பிடத் தகுதி இழந்தன.

இப்படிப்பட்ட டிவைஸைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம் என்று சொன்னால் மட்டும் எல்லோரும் ஓடி வருகிறார்கள். "இருந்துட்டுப் போகட்டுமே, என்ன கஷ்டம்?" என்கிறார்கள். பட்டியலில் பெயர் இருந்தால் ஒருவர் அதை நம்பி ஓட்டுவார், வந்த எண்ணை நம்பி முடிவெடுப்பார். யாரும் ஓட்டிப் பார்க்காத டிவைஸுக்கு சப்போர்ட் உண்டு என்று எழுதி வைப்பது அவரை ஏமாற்றுவதுதான்.

எழுத்தில் கேட்டுவிட்டேன். ஒவ்வொரு டிவைஸுக்கும் பெயர் சொல்லி ஒரு பொறுப்பாளர் வேண்டும். டிவைஸ் ரேக்கில் மாட்டியபடி இருக்க வேண்டும், இரவுதோறும் ஒரு ஓட்டம் ஓட வேண்டும். இவை இல்லாத டிவைஸ்களை அடுத்த வெளியீட்டில் பட்டியலிலிருந்து நீக்குகிறேன், பேட்ச் தயாராக இருக்கிறது. வேண்டும் என்பவர்கள் போனைக் கொண்டுவந்து என் மேசையில் வைக்கட்டும்.