1833 சட்டம் குழந்தைத் தொழிலை ஒழித்ததா?

"பிரிட்டன் 1833-லேயே குழந்தைத் தொழிலை ஒழித்துவிட்டது" என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் தகவல் தவறு. அந்த ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் தடுத்தது, துணி ஆலைகளில் 9 வயதுக்குட்பட்டவர்களை மட்டுமே. பட்டாலைகளுக்கு அதிலும் விலக்கு. 13 முதல் 17 வயதுவரை வாரம் 69 மணி நேரம் வேலை வாங்கலாம். சுரங்கம் கணக்கிலேயே இல்லை.

பெரிய ஓட்டை வயதுச் சான்றுதான். இங்கிலாந்தில் அரசுப் பிறப்புப் பதிவு தொடங்கியதே 1837-ல். அதற்கு முன் பிறந்த பிள்ளைகளுக்கு மருத்துவர் உடல்வாகைப் பார்த்து, 'ஒன்பது வயதுத் தோற்றம் உண்டு' என எழுதித் தருவார். கொஞ்சம் வளர்த்தியான ஏழு வயதுப் பிள்ளை எளிதாக உள்ளே போய்விடும். கண்காணிக்க நாடு முழுதுக்கும் 4 ஆய்வாளர்கள், அவர்களுக்குக் கீழே சில உதவியாளர்கள்.

1844 சட்டம் சிறுவர்களின் வேலையை நாளுக்கு ஆறரை மணி நேரமாகக் குறைத்தது உண்மை. கூடவே குறைந்தபட்ச வயதை 8 ஆக இறக்கியதும் அதே சட்டம்தான். பகிர்பவர்கள் இதை மட்டும் சொல்வதில்லை.