இரவு டியூட்டி முடித்து வந்தவரிடம் பேசிய பேச்சு

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் நடந்ததை மறுபடி விவரிக்கப் போவதில்லை. எல்லோரும் பார்த்தீர்கள், வராதவர்களுக்கு வாட்ஸ்அப்பில் வந்திருக்கும். இரவு டியூட்டி முடித்து, வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராக ஆலயத்துக்கு வந்த நர்ஸ் அக்காவைப் பார்த்து, "சம்பாதிக்க நேரம் இருக்கிறது, கர்த்தரை மகிமைப்படுத்தத்தான் நேரம் இல்லை" என்றார் பிரசங்கியார். சிலர் சிரித்தீர்கள். அந்தச் சிரிப்புதான் மூன்று நாளாக என்னைத் தூங்கவிடவில்லை.

இரவெல்லாம் அந்த அக்கா என்ன செய்திருப்பார்? யாரோ ஒருவருடைய அப்பாவைப் புரட்டிப் படுக்கவைத்து, துடைத்து, துணி மாற்றியிருப்பார். அது தேவனுக்கு மகிமை இல்லையா?

"நீங்கள் புசித்தாலும், குடித்தாலும், எதைச் செய்தாலும், எல்லாவற்றையும் தேவனுடைய மகிமைக்கென்று செய்யுங்கள்." 1 கொரிந்தியர் 10:31. ஓய்வுநாள் பாடசாலையில் இதை ஒப்பித்துப் பரிசு வாங்கியவர்கள்தானே நாம்? அதற்கு மேலே உள்ள வசனங்களைப் படியுங்கள். கடையில் வாங்கும் இறைச்சியையும் அடுத்தவர் வீட்டு விருந்தையும் பற்றித்தான் இதை எழுதிய அப்போஸ்தலன் பவுல் பேசிக்கொண்டிருக்கிறார். அவரே அந்தக் கொரிந்து பட்டணத்தில் கூடாரம் பண்ணிப் பிழைத்தவர்.

என் அப்பா தையல்காரர். வெட்டியது போக மிஞ்சும் துணி உள்ளங்கை அகலம் இருந்தாலும், மடித்து, தைத்த சட்டைக்குள் வைத்துத்தான் கொடுப்பார். ஒரு டிசம்பர் 24ஆம் தேதி, பொழுது சாய்ந்த பிறகு ஒருவர் துணியோடு வந்து நின்றார். அன்றைக்குத்தான் கூலி கைக்கு வந்ததாம். இரண்டு பெண் பிள்ளைகளுக்குக் கவுன். அப்பா விடிய விடிய மெஷின் மிதித்தார். அதிகாலை நாலு மணி ஆராதனைக்குப் பிள்ளைகள் புதுக் கவுனோடு போனார்கள், அப்பாவால் போக முடியவில்லை. "கிறிஸ்துமஸுக்கும் மெஷினை விடாத மனுஷன்" என்ற பேச்சு அதற்குப் பிறகு பல வருஷம் ஓடியது. அவர் பதில் சொன்னதே இல்லை.

"அப்போ ஆலயத்துக்கே வரவேண்டாம் என்கிறீர்களா?" என்று கேட்பீர்கள். எபிரெயர் 10:25 எனக்கும் தெரியும். சபை கூடிவருதலை விடக் கூடாது என்றுதானே அந்த அக்கா தூங்காமல் வந்தார்!

"பிரசங்கியார் அபிஷேகம் பண்ணப்பட்டவர், அவரைக் குறை சொல்லாதே" என்பீர்கள். சரி. அந்த அக்காவைச் சொல்லலாமா?

அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஒரு எலுமிச்சம்பழத்தை ஆயிரக்கணக்கில் எடுப்பவர் பெயரை மைக்கில் மூன்று தடவை சொல்கிறோம். கார் வாங்கியதற்கும் விசா கிடைத்ததற்கும் சாட்சி சொல்ல நேரம் கொடுக்கிறோம். தண்ணீர் கலக்காமல் பால் ஊற்றுகிறவரை, லஞ்சம் வாங்காமல் ரிட்டயர் ஆன கிளார்க்கை ஒரு நாளாவது முன்னால் கூப்பிட்டிருக்கிறோமா? என் அப்பாவை யாரும் கூப்பிடவில்லை. அடக்க ஆராதனையில்கூட, "சபைக் காரியங்களில் அவ்வளவாக ஈடுபடாதவர்" என்றுதான் சொன்னார்கள். பெட்டிக்குப் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

சிரித்தவர்களில் ஒருவராவது அந்த அக்காவிடம் போய் ஒரு வார்த்தை பேசினீர்களா? நேற்று நான் போனேன். "விடு தம்பி, இன்றைக்கும் நைட் டியூட்டி, கொஞ்சம் தூங்கணும்" என்றார்.