இன்று எனக்குப் பிறந்தநாளாம்

காலையிலிருந்து மூன்று கடைகள் பிறந்தநாள் வாழ்த்து அனுப்பிவிட்டன. இன்று நான் பிறக்கவில்லை. எப்போது பிறந்தேன் என்பதை முகநூலில் எழுதுவேன் என்றும் எதிர்பார்க்காதீர்கள்.

போன ஆண்டு பினாங்கு குட்டி இந்தியாவில் 40 வெள்ளிக்கு ஒரு வேட்டி வாங்கினேன். உறுப்பினர் அட்டைக்குப் பெயர், கைப்பேசி எண், பிறந்த தேதி எல்லாம் கேட்டார்கள். வேட்டிக்கும் என் பிறப்புக்கும் என்ன உறவு? "எல்லாரும் கொடுக்கிறார்கள் அங்கிள்" என்றாள் கல்லாவில் இருந்த பெண். நானும் கொடுத்தேன், வாயில் வந்த ஒரு தேதியை. மற்றக் கடைகளுக்கும் அதே தேதிதான். அதுதான் இன்று.

பிறந்த தேதி சின்ன விஷயமென்று நினைக்கிறோம். பிறந்த தேதி, பாலினம், அஞ்சல் குறியீடு மூன்றும் சேர்ந்தாலே அமெரிக்கர்களில் 87 விழுக்காட்டினரைத் தனியாக அடையாளம் காணலாம் என்று லடான்யா ஸ்வீனி என்ற ஆய்வாளர் 2000இல் கணக்கிட்டார். மலேசியர்களான நமக்கு அந்தச் சிரமம்கூட இல்லை. 12 இலக்க அடையாள அட்டை எண்ணில் முதல் ஆறு பிறந்த தேதி. அடுத்த இரண்டு பிறந்த இடம், பினாங்கு என்றால் 07, கோலாலம்பூர் என்றால் 14. கடைசி இலக்கம் ஒற்றைப்படையாக இருந்தால் ஆண். ஜாதகத்தை நெற்றியில் ஒட்டிக்கொண்டு திரிகிறோம். அதைத்தான் அடுக்குமாடிக் காவலாளியின் நோட்டில், அடுத்து வருபவர் படிக்கும்படி எழுதிவைக்கிறோம்.

சட்டம் இருக்கிறது. 2010இல் இயற்றிய தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2013இல் நடைமுறைக்கு வந்தது. மத்திய, மாநில அரசுகளை அது கட்டுப்படுத்தாது. 2017இல் 4 கோடியே 60 லட்சம் கைப்பேசி எண்களின் விவரம் கசிந்தது தெரியவந்தது. நாட்டின் மக்கள்தொகையைவிட அதிகம்! கசிவதைத் தடுக்க என்னால் ஆகாது. கசிந்தாலும் உதவாதபடி கொடுக்கலாம், அவ்வளவுதான்.

2006இல் வெளிவந்த டிராக்மீநாட் (TrackMeNot) என்ற, இணைய உலாவியில் சேர்த்துக்கொள்ளும் சிறு நிரல், தேடுபொறிக்குச் சம்பந்தமில்லாத தேடல்களைத் தானாக அனுப்பி, உண்மையான தேடலை அந்தக் கூட்டத்தில் ஒளித்துவைக்கும். கெட்டிக்கார யோசனைதான். ஆனால் எனக்கு என் அப்பாவின் வழிதான் பிடிக்கும். அடையாள அட்டை நகலை யாருக்குக் கொடுத்தாலும் குறுக்கே இரண்டு கோடு கிழித்து, நடுவில் 'வாடகை ஒப்பந்தத்துக்கு மட்டும்' என்று எழுதித் தேதியும் போடுவார். அந்தத் தாளை வைத்து வேறொருவன் கடன் வாங்குவது எளிதல்ல. சிறுவயதில் அவரைக் கேலி செய்திருக்கிறேன்.

வங்கியிலும் மருத்துவமனையிலும் அரசு அலுவலகத்திலும் உண்மையைத்தான் சொல்கிறேன். வேட்டிக்கடைக்கு அந்த மரியாதை தேவையில்லை.

வாழ்த்தோடு 10 விழுக்காடு தள்ளுபடியும் அனுப்பியிருக்கிறார்கள். அடையாள அட்டையைக் காட்டிப் பெற்றுக்கொள்ள வேண்டுமாம்.